ஐந்தா மூன்றா? துருக்கி மத்திய வங்கி கவர்னர்கள் கணக்கு

கணக்குப்பிள்ளை: "2001 சட்டத்திலேயே துருக்கி மத்திய வங்கிக்குச் சுதந்திரம் கொடுத்தாயிற்று, அப்புறம் 85 சதவீதப் பணவீக்கத்துக்கு அதை ஏன் இழுக்கிறீர்கள்" என்று நேற்று ஒரு மேதாவி இங்கே எழுதியிருக்கிறார். காகிதத்தில் எழுதினால் ஆயிற்றா? வளரும் நாடுகளில் சட்டத்தைப் பார்க்காதே, வங்கி கவர்னர் எத்தனை முறை மாறுகிறார் என்று எண்ணு, அடிக்கடி மாறினால் சுதந்திரம் இல்லை என்று பொருளாதார நிபுணர் சுகியர்மன் குழு 1992-லேயே காட்டிவிட்டது. 2019 ஜூலை முதல் 2024 பிப்ரவரிக்குள் அதிபர் எர்டோகன் ஐந்து கவர்னர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

வடகரை: அந்த மேதாவி நான்தான். ஐந்து இல்லை, மூன்று. ஐந்தாவது கவர்னர் எர்கான் தானாக ராஜினாமா செய்தார். அவருக்கு முன்னால் இருந்த கவ்ஜியோலுவை வங்கிக் கண்காணிப்பு அமைப்புக்குத் தலைவராக்கினார்கள். அது வீட்டுக்கு அனுப்பியதா?

கணக்குப்பிள்ளை: ராஜினாமாவாம்! நம் ரிசர்வ் வங்கி கவர்னர் உர்ஜித் படேல் 2018 டிசம்பரில் சொந்தக் காரணம் என்று சொல்லிவிட்டுப் போனதையும் நம்பியிருப்பீர்கள். ஐந்துதான். 2021 மார்ச்சில் கவர்னர் அக்பால் வட்டியை 19 சதவீதம் ஆக்கினார், இரண்டே நாளில் ஆள் காலி. பதவியில் இருந்தது நாலு மாதம். அடுத்து வந்தவர் டிசம்பருக்குள் 14-க்கு இறக்கினார், அவர்கள் நாணயமான லிரா பாதாளத்துக்குப் போனது.

மெட்டிஒலி: அக்பால் இல்லை, ஆபால். அந்த ஜி-யை உச்சரிக்க மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை: உச்சரிப்பு வகுப்பு அடுத்த தெருவில்.

தேநீர்ப்பிரியன்: 2022-ல் இஸ்தான்புல் போயிருந்தேன். சாப்பாட்டுக் கடை மெனு அட்டையில் விலைக்கு மேல் ஸ்டிக்கர், அதற்கு மேல் இன்னொரு ஸ்டிக்கர். சாப்பாடு வரும்வரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன், அடியில் மூன்று விலை!

வடகரை: பார்த்தீர்களா, அங்கேயும் மூன்று. அந்த வருடம் எண்ணெய், கோதுமை எல்லாம் உலகம் முழுக்க ஏறியது. கவர்னரை மாற்றியதால் விலை ஏறியதா, ஏறியதால் மாற்றினார்களா?

கணக்குப்பிள்ளை: யூரோ நாடுகளும் எண்ணெய் வாங்கத்தானே செய்தன? 2022 அக்டோபரில் பணவீக்கம் அங்கே 10.6 சதவீதம், துருக்கியில் 85.5. ஐந்து கவர்னர் சார், ஐந்து.

சும்மாஒருவன்: முதலில் சுதந்திரம் என்றால் என்ன என்று முடிவு செய்யலாமே? வட்டியை நிர்ணயிக்கும் உரிமையா, பதவிக்காலமா? பொருளாதார நிபுணர்கள் அலெசினாவும் சம்மர்ஸும் 1993-ல் பணக்கார நாடுகளை வைத்துப் பார்த்தபோது, மத்திய வங்கிக்குச் சுதந்திரம் இருந்த இடத்தில் பணவீக்கம்தான் குறைந்திருந்தது, வளர்ச்சியில் வித்தியாசமே தெரியவில்லை.

வடகரை: இவர் போன தீபாவளிக்குத் தங்கம் இறங்கும் என்று எழுதி, என் மச்சான் கையிலிருந்ததை விற்றான். அவருக்கு எண்ணத் தெரியும் என்று நான் எப்படி நம்புவது?

சும்மாஒருவன்: நானா?

வடகரை: நீங்கள் இல்லை, கணக்குப்பிள்ளை.

கணக்குப்பிள்ளை: இறங்கலாம் என்றுதான் எழுதினேன், இறங்கும் என்று எழுதவில்லை. பழைய பதிவைத் தோண்டி எடுத்துப் போடுகிறேன், இருங்கள். எர்கானைச் சேர்த்து ஐந்து.

வடகரை: தோண்டுங்கள். மூன்று.