பென்சில் கரியில் மின்சாரம் பாய்கிறதே, அப்படியானால் அது உலோகமா?

திண்டுக்கல் அம்மா:
வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு. உலோகம் என்றால் பளபளக்கும், தட்டினால் தகடாகும், மின்சாரம் கடத்தும் என்று படித்துவிட்டு, இரண்டு முனையும் சீவிய பென்சிலைப் பேட்டரிக்கும் குட்டி எல்இடிக்கும் நடுவில் வைத்தாள். எல்இடி எரிந்தது. "கிராஃபைட் அலோகம்னு புத்தகத்துல இருக்கு, இது கடத்துதே" என்கிறாள். படத்தில் சிலிக்கான் வெள்ளி மாதிரி மின்னுகிறது, ஆனால் அது உலோகப்போலியாம். "இரண்டின் பண்பும் கலந்தது" என்ற பதில் அவளுக்குப் போதவில்லை, எனக்கும்தான். இவற்றை ஒழுங்காகப் பிரித்துக் காட்ட வழி உண்டா?

பழைய ரேடியோ:
அம்மா, நான் வாத்தியார் இல்லை, ரேடியோ ரிப்பேர்க்காரன். பாப்பா கேட்டது நல்ல கேள்வி. ஆனால் கடத்துகிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். சூடாக்கினால் கடத்துவது கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

100 வாட் குண்டு பல்பை எடுங்கள். அதற்குள் இருப்பது டங்ஸ்டன், அசல் உலோகம். சும்மா இருக்கும்போது மீட்டர் வைத்தால் 40 ஓம் பக்கம் காட்டும். 230 வோல்ட்டில் எரியும்போது கணக்குப் போட்டால் 529 ஓம். சூடேறச் சூடேறத் தடை கூடுகிறது. உலோகத்தில் எலக்ட்ரான்கள் முன்பே அவிழ்ந்துதான் திரிகின்றன. சூடு புதிதாக எதையும் அவிழ்த்துவிடுவதில்லை, அணுக்களை ஆட்டி வழியைத்தான் மறிக்கிறது.

உலோகப்போலியான ஜெர்மானியம் இதற்கு நேர் எதிர். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஏசி128 என்று ஒரு டிரான்சிஸ்டர் வரும், ஜெர்மானியத்தில் செய்தது. மீட்டரில் மாட்டிவிட்டு விரலால் பிடித்தாலே போதும், கசியும் கரண்ட் ஏறுவது தெரியும். அதில் எலக்ட்ரான்கள் பிணைப்பில் மாட்டியிருக்கின்றன, லேசான சூட்டிலேயே சில அவிழ்ந்துவிடும். இதனால் பட்ட பாடு கொஞ்சமா! கரண்ட் ஏறினால் சூடு, சூடானால் இன்னும் கரண்ட், கடைசியில் டிரான்சிஸ்டர் காலி. சிலிக்கானில் எலக்ட்ரானை அவிழ்க்க இன்னும் அதிக ஆற்றல் வேண்டும், அதனால்தான் அது வந்தபின் ஜெர்மானியம் ஓரங்கட்டப்பட்டது. கந்தகம் போன்ற அலோகத்தில் பிடி இன்னும் இறுக்கம், சாதாரணச் சூட்டுக்கெல்லாம் அசையாது.

பென்சிலுக்கு வருகிறேன். எடிசன் காலத்து பல்பில் இருந்தது கரி இழை. சூடானால் அதன் தடை குறையும், டங்ஸ்டனுக்குத் தலைகீழ். ஆகவே கரி கடத்தினாலும் உலோகம் மாதிரி கடத்தவில்லை.

வேதியியல் வாத்தியார்:
அண்ணன் சொன்னது அழகான சோதனை. ஆனால் ஆண்டிமனியும் ஆர்சனிக்கும் அதில் தப்பித்துவிடும். சூடேறினால் அவற்றின் தடையும் உலோகம் போலவே கூடும். ஆனால் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் ஆண்டிமனி தகடாகாது, நொறுங்கிவிடும். அதனால்தான் அதை உலோகப்போலியில் வைக்கிறோம்.

வகுப்பில் நான் எரித்துக் காட்டுவேன். மெக்னீசிய நாடா எரிந்த சாம்பலை நீரில் கலந்தால் சிவப்பு லிட்மஸ் நீலமாகும், அதாவது உலோக ஆக்சைடு காரத்தன்மை உள்ளது. கந்தகம் எரிந்த புகையை நீரில் பிடித்தால் நீல லிட்மஸ் சிவக்கும், அதாவது அலோக ஆக்சைடு அமிலத்தன்மை உள்ளது. ஆண்டிமனி ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். உடனே ஒரு பையன், "அலுமினிய ஆக்சைடும் அப்படித்தானே சார்?" என்பான். உண்மைதான். ஒரே சோதனையை வைத்து முடிவு கட்ட முடியாது. போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆண்டிமனி, டெலூரியம் ஆகிய ஆறையும் பெரும்பாலும் எல்லாரும் உலோகப்போலி என்பார்கள். பொலோனியம், அஸ்டட்டைன் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். தேர்வுக்குப் பாடநூலில் உள்ள பட்டியலையே எழுதச் சொல்லுங்கள்.

பழைய ரேடியோ:
ஆண்டிமனி எங்களுக்கும் பழக்கம்தான் சார். ஈய பேட்டரித் தகட்டில் விறைப்புக்காகக் கலப்பார்கள். தனியாக இருந்தால் நொறுங்குகிற சரக்கு, ஈயத்தோடு சேர்ந்தால் அதை உறுதியாக்குகிறது.

திண்டுக்கல் அம்மா:
இருவருக்கும் நன்றி. அந்த பல்பு சோதனையை வீட்டிலேயே செய்யலாமா? மீட்டர் இருக்கிறது.

பழைய ரேடியோ:
தாராளமாக. எல்இடி பல்பில் வராது, குண்டு பல்புதான் வேண்டும். ஹோல்டரிலிருந்து கழற்றி, ஆறிய பிறகு ஓம் அளக்கச் சொல்லுங்கள். எரியும்போது மீட்டரை அங்கே கொண்டுபோக வேண்டாம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் சூட்டுத் தடை வந்துவிடும். 60 வாட் பல்பு என்றால் 880 ஓம் சொச்சம் வர வேண்டும்.