தோலுரிக்கப் போகும் டாரன்டுலா: ஈரப்பதம் பற்றி உதவி தேவை

வணக்கம். லண்டனில் ஒரு சிலியன் ரோஸ் டாரன்டுலா (முடி நிறைந்த பெரிய சிலந்தி) வளர்க்கிறேன், பெண். கோடையிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. இந்த இனம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்பதால் பதறவில்லை. ஆனால் வயிற்றின் மேல் முடி உதிர்ந்த இடம் இப்போது கறுத்துவிட்டது. தோலுரிக்கப் போகிறாள் என்று நினைக்கிறேன். உயிருள்ள சுவர்க்கோழிகளை வெளியே எடுத்துவிட்டேன். புதுத்தோல் இறுகும்வரை அவை அவளைக் கடித்துவிடலாம். தண்ணீர்க் கிண்ணம் நிறைந்தே இருக்கிறது.

குழப்பம் இதுதான்: சிலியின் வறண்ட புதர்நிலத்து இனம் என்பதால் மண்ணை உலர்வாக வைத்திருக்கிறேன். ஹீட்டர் ஓடுவதால் அறைக்காற்று ரொம்பக் காய்கிறது. ஒரு மூலையை மட்டும் நனைக்கலாமா? உரித்தபின் எத்தனை நாள் கழித்து உணவு தரலாம்? அப்புறம், கடைக்காரர் வெப்பவிளக்கு போடச் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.