மறுமொழி: திணிவெண்ணுக்கு 'கருமணியெண்' சரிவருமா?

அண்ணன், வணக்கம்.

திணிவெண் (அணுவின்ட கருவுக்குள்ள இருக்கிற புரோத்தன், நியூத்திரன் எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை) பாடப்புத்தகத்தில ஊறின சொல், சொல்லடைவில அதுக்கு வேற பேர் தேடி ஏன் இப்ப கிளறுவான் எண்டு கேட்டிருந்தீங்க. கிளறத்தான் வேணும் அண்ணன், கல்முனையில என்னட்ட ரியூசனுக்கு வாற ஓ.எல் புள்ளயள் தடுக்கி விழுற இடமே அந்தச் சொல்தான்.

சோடியம் குடுத்தா பிரச்சினையே இல்ல, மேல திணிவெண் 23, கீழ அணுவெண் (புரோத்தன் எண்ணிக்கை) 11, அப்ப புரோத்தன் 11, இலத்திரன் 11, கழிச்சா நியூத்திரன் 12, அயன் எண்டா ஒரு இலத்திரன் போய் 10, மளமளவெண்டு எழுதிருவாங்க. மறுகா குளோரீனைக் குடுத்துப் பாருங்க. ஆவர்த்தன அட்டவணையில கிடக்கிற 35.5 ஐ எடுத்து 17 ஐக் கழிச்சு, நியூத்திரன் 18.5 எண்டு எழுதிக் கீழ ரெண்டு கோடும் இழுத்திருப்பாங்க. அரை நியூத்திரன் எங்க இருக்கு? அந்த 35.5 சார் அணுத்திணிவு, குளோரீன் 35 நாலில மூண்டு பங்கு, குளோரீன் 37 நாலில ஒரு பங்கு எண்டு கிட்டத்தட்டக் கலந்து கிடக்கிறதால வாற சராசரி. தனி அணு ஒண்டை எடுத்தா நியூத்திரன் 18, இல்லாட்டி 20. திணிவெண், சார் அணுத்திணிவு எண்ட ரெண்டு பேரிலயும் 'திணிவு' நிண்டா புள்ள எதைப் பிடிக்கும்?

திணிவெண் திணிவே இல்ல, எண்ணிக்கை. நெல்லை மூட்டையா நிறுக்கிறது வேற, கதிரில மணி எண்ணுறது வேற. குளோரீன் 35 இன்ட திணிவைப் பாத்தாலும் 34.97 தான் வருது, 35 இல்ல. இரசாயனச் சொற்களைத் தீர்மானிக்கிற சர்வதேச அமைப்பான ஐயூபாக்கும் இதே இலக்கத்துக்கு நியூக்கிளியோன் எண் எண்ட பேரையும் வச்சிருக்கு; நியூக்கிளியோன் எண்டா புரோத்தன், நியூத்திரன் ரெண்டுக்கும் பொதுப்பேர்.

நியூக்கிளியோனுக்கு அக்கா சொன்ன 'கருத்துணிக்கை' பொருளில சரி, ஆனா வாசிக்கேக்க 'கருத்து' தான் முதல்ல கண்ணில படுது. திணிவெண்ணுக்கு 'கருவெண்' எண்டா கட்டையா இருக்கு, ஆனா அணுவெண்ணும் கருவுக்குள்ள இருக்கிற புரோத்தனைத்தானே எண்ணுது, திரும்பவும் குழம்பும். அதால நியூக்கிளியோனுக்கு 'கருமணி' எண்டு வைப்பம், புரோத்தனும் கருமணி, நியூத்திரனும் கருமணி, இலத்திரன் கருவுக்கு வெளிய நிக்கிறதால இந்தக் கணக்கில சேராது. கருமணியெண்ணில அணுவெண்ணைக் கழிச்சா நியூத்திரன், சொல்லே வழியைக் காட்டுது. கண்ணில இருக்கிற கருமணியோட குழம்பும் எண்டு தம்பி பயப்படுறார், இரசாயனப் பாடத்தில அப்பிடி யாரும் மாறி விளங்கமாட்டாங்க.

சோதினைப் பேப்பரில திணிவெண் எண்டுதான் வரும், அதனால சொல்லடைவில ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில போடுவம். சார் அணுத்திணிவில கைவைக்க வேணாம், அது திணிவைப் பத்தின சொல்தான்.