கையில் புத்தகம், எதிரில் பாறை

மேலூர்க்காரன்:

ஐராவதம் மகாதேவனின் பழந்தமிழ்க் கல்வெட்டு நூலை நான் வாங்கியது 2015-இல். 2003-இல் வந்த முதல் பதிப்பு எங்கு தேடியும் கிடைக்கவில்லை. 2014-இல் செம்மொழி நிறுவனம் போட்ட திருத்திய பதிப்பு கிடைத்தது. ஆங்கிலம், செங்கல் கனம். மூன்று வருடம் அலமாரியில் தூங்கியது. 2018 நவம்பரில் அவர் காலமான செய்தி வந்த வாரம்தான் எடுத்துப் பிரித்தேன். மனசு உறுத்தியதுதான் காரணம், வேறென்ன.

அடுத்த ஞாயிறு பைக்கில் மாங்குளம் கிளம்பினேன். எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரமில்லை. மீனாட்சிபுரம் என்ற சிற்றூருக்குப் பின்னால் ஓவாமலை. பாதி ஏறும்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "பாண்டவர் படுக்கைக்கா போறீக? வலப்பக்கமாப் போங்க, இடப்பக்கம் கள்ளி" என்றார். நம் பக்கத்தில் கற்படுக்கை எங்கு இருந்தாலும் அது பஞ்சபாண்டவர் படுக்கைதானே. அவர்கள் தூங்காத மலையே மதுரையைச் சுற்றிக் கிடையாது.

குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வராதபடி காடி வெட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே எழுத்து. ராபர்ட் சீவெல் 1882-இல் பார்த்தது. 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இந்த மொழி தமிழ்தான் என்று சொன்னார். அதில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருப்பதை 1965-இல் மகாதேவன் கண்டுபிடித்தார். எண்பது வருடத்துக்கு மேல் பாறையில் எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்த பெயர்!

ஏன் அத்தனை காலம் ஆனது என்பது அங்கே நின்று படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அசோகர் காலப் பிராமி என்ற பழைய எழுத்து முறையில் வெறும் எழுத்துக்கு அகரம் உண்டு, பக்கத்தில் ஒரு கோடு போட்டால் நெடில். இங்கே அப்படி இல்லை. வெறும் எழுத்து மெய். கோடு போட்டால் அகரமாகவும் இருக்கும், ஆகாரமாகவும் இருக்கும். 'மகன்' என்று எழுதியதை வடக்கு முறைப்படி வாசித்தால் 'மாகான' என்று வரும். இந்தச் சாவி கையில் இல்லாதவருக்கு எல்லாமே உளறல்தான். நான் அட்டவணையையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, தொடாமல், காற்றில் விரலால் எழுதிப் பார்த்தேன். முதலில் சிக்கியது ழ. வடநாட்டுப் பிராமியில் இல்லாத எழுத்து. அதைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போனால் செழியன் வந்துவிட்டான்.

ஆட்டுக்கார அம்மா அதற்குள் மேலே வந்துவிட்டார். "என்ன எழுதியிருக்காம்?" என்றார். கணி நந்தன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி இந்தப் பள்ளியை, அதாவது துறவி தங்கும் குகையை, வெட்டிக் கொடுத்தான் என்று சொன்னேன்.

"அவனா வெட்டுனான்?"

'கொட்டுபித்த' என்று இருக்கிறது. அதாவது வெட்டுவித்தான், ஆள் வைத்துச் செய்தான் என்றேன்.

"அதானே. வெட்டுனவன் பேரு இருக்கா?"

இந்தக் கல்வெட்டில் இல்லை என்றேன். "கூலி குடுத்தாகளான்னாவது போட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டு ஆட்டைத் தேடிப் போய்விட்டார். நூலில் பிறவினை வடிவம் பற்றிய பகுதியை வீட்டில் நான் தாண்டிப் போயிருந்தேன். அன்று இரவு உட்கார்ந்து முழுதும் படித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதியைப் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கப் பேச்சு வந்து ஊர்கள் எழுந்து நின்றபோது நானும் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். இருபது வயசுப் பையன் ஒருவன் மைக்கைப் பிடித்து, "இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் குடைஞ்சு குடுத்த மலை இது" என்றான். அரிட்டாபட்டிக் கல்வெட்டின் வாசகம்! ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும் உச்சரித்துக்கொண்டிருந்த பெயர் ஒலிபெருக்கியில் வருகிறது. எனக்குப் புல்லரித்தது. 2025 ஜனவரி 23 அன்று அந்தச் சுரங்க ஏலம் ரத்தானது.

உங்களுக்கும் இப்படிப் புத்தகமும் அது பேசும் இடமும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள். விமர்சனம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் போதும்.

பழைய புத்தகப் பித்தன்:

அண்ணே, என் அனுபவம் எதிர்த் திசை. இதே நூலை ஒரு பெரிய நூலகத்தில் கேட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து வாங்கினேன். எனக்கு வேண்டியிருந்த கல்வெட்டின் படம் உள்ள பக்கத்தை யாரோ பிளேடால் அழகாக அறுத்து எடுத்திருந்தார்கள். அத்தனை நேர்த்தியான வெட்டு! அவரும் ஆராய்ச்சியாளராகத்தான் இருக்க வேண்டும். வேறு யாருக்கு அந்தப் பக்கம் தேவைப்படப் போகிறது?

வண்டியூர்ப் பேத்தி:

மேலூர் அண்ணாவின் ஆட்டுக்கார அம்மாவைப் படித்ததும் எங்கள் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நான் இங்கே வாசிப்பதோடு சரி.

தாத்தா நாற்பது வருடத்துக்கு மேல் அழகருக்கு வேடம் கட்டியவர். சல்லடம், கச்சை, தலையில் குல்லாய், தோளில் ஆட்டுத்தோல் பை. சித்திரைப் பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீச்சுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதில் ஒருவர். முட்டி தேய்ந்த பிறகு நிறுத்திவிட்டார். இப்போது வீட்டில் டிவியில் பார்த்துவிட்டு, பீச்சுகிறவர்களைக் குறை சொல்வதுதான் வேலை. பிளாஸ்டிக் பம்பு வைத்து அடிக்கிறவனைக் கண்டால் சேனலையே மாற்றிவிடுவார்.

தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' ஆய்வு நூலைக் கல்லூரியில் பேராசிரியை கொடுத்தார். 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கோயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் கோபுரம், மன்னர், பாசுரம் என்று போவார்கள். தொ.ப. அங்கே வருகிற சனங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என்று ஒவ்வொருவருக்கும் அந்தக் கோயிலோடு என்ன உறவு, திரியெடுத்து ஆடுகிறவர் யார், துருத்தி நீர் தெளிக்கிறவர் யார் என்று நேரில் கேட்டுத் திரட்டியது. தாத்தா செய்ததற்கு ஒரு இயலே இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. சின்ன வயதில் தாத்தா வேடம் கட்டி வந்தால் பள்ளிக்கூடத் தோழிகள் பார்த்துவிடக் கூடாது என்று ஒளிந்தவள் நான்.

விடுமுறையில் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். தங்கை கல்யாணத்துக்கு அழகர் தாமதமாக வந்து, கோபித்துக்கொண்டு திரும்பினார் என்ற கதைக்குக் கோயில் சடங்குகளில் இடமில்லை; அழகர் வருவது மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க; தேனூரில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் காலத்தில் மதுரைக்கு மாற்றிய பிறகுதான் இரண்டு திருவிழாவும் ஒட்டின. இந்த இடத்தில் தாத்தா சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அசரவில்லை.

"இது தெரியாதாக்கும்? அதான் இன்னமும் தேனூர் மண்டபம்னு பேரு. கதை கதைதான். ஆனா கதை இல்லாட்டி எவ வந்து ஆத்துல நிப்பா?"

அவர் கோபப்பட்டது வேறு இடத்தில். தோல் பை பற்றிய பத்தியை வாசித்து முடித்ததும், "அம்புட்டுத்தானா?" என்றார். ஆவாரம்பட்டை போட்டு எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும், எந்த ஆட்டின் தோல் வெடிக்காது, வாய்க் குழாயை எப்படிக் கட்ட வேண்டும், பீச்சும் தண்ணீரில் என்னென்ன கலக்க வேண்டும் என்று அரைமணி நேரம் சொன்னார். நான் வாசித்த பக்கத்தில் அது ஒன்றும் இல்லை. "எழுதினவருக்கு ஒரு கார்டு போட்டுச் சொல்லு" என்றார். தொ.ப. 2020 டிசம்பரிலேயே இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்தக் காலத்துல ஒரு வாத்தியார் நோட்டும் கையுமா வந்து கேட்டுக்கிட்டு இருந்தாரு. வெயில்ல கெடந்து கேட்டாரு. நான் அவசரத்துல பாதிதான் சொன்னேன்" என்றார். அது தொ.ப.தானா, வேறு யாராவதா, யார் கண்டது? ஆனால் அந்தப் பத்தி அரைகுறையாக இருப்பதற்குத் தான்தான் காரணம் என்று தாத்தா முடிவு கட்டிவிட்டார்.

பரம்பு:

எங்கள் ஊர் சிவகளை, தூத்துக்குடி மாவட்டம். நான் இங்கே வைத்துக்கொண்ட பெயருக்குக் காரணம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். செம்மண் மேட்டை நாங்கள் பரம்பு என்போம். சின்னப் பிள்ளையில் அங்கே கிடக்கும் கருப்பு-சிவப்பு ஓட்டாஞ்சில்லை வைத்துத்தான் பாண்டி விளையாடுவோம். அது முதுமக்கள் தாழியின் ஓடு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயத்தில் விளையாட்டு நின்றிருக்கும்.

இரும்பின் தொன்மை பற்றி க. ராஜனும் ரா. சிவானந்தமும் எழுதிய தொல்லியல் துறை நூலை முதலமைச்சர் வெளியிட்டதும் 2025 ஜனவரி 23-ஆம் தேதிதான். மேலூர் அண்ணன் சொன்ன அதே நாள். அன்று சாயங்காலமே ஊரில் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது: கி.மு. 3345! நானும் ஸ்டேட்டஸ் வைத்தேன். பிறகுதான் நூலைத் தரவிறக்கிப் படித்தேன். அந்த எண், தாழியில் இரும்போடு கிடைத்த கரித்துண்டின் காலம். இரும்பையே அளந்ததல்ல. ஆதாரம் எது, மாதிரி எது, எந்த ஆய்வகம் என்று அட்டவணை போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். இன்னும் பல தாழிகளில் இதே காலம் வந்தால்தான் ஆணி அடித்த மாதிரி நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை ஊர் வாட்ஸப் குழுவில் சொன்னேன். சொந்த மச்சானே பேசுவதை நிறுத்திவிட்டான். அடுத்த பொங்கலுக்குத்தான் ராசியானோம்.

ஆனால் எனக்குப் பிடித்தது இரும்பே இல்லை. இன்னொரு தாழியில் நெல் கிடைத்தது, கி.மு. 1155 என்று காலம் வந்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள், திரும்பிக்கூடப் பார்க்காமல், "வாய்க்கரிசி போட்டிருப்பாக" என்றாள். அது சரியா தப்பா என்று ஆய்வாளர்கள் சொல்லட்டும். நான் அடுப்படி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆனைக்கோட்டையாள்:

எல்லோருடைய அனுபவத்திலும் இடம் பக்கத்தில் இருக்கிறது. எனக்குப் புத்தகம் மட்டும்தான் பக்கத்தில். இடம் தூரத்தில்.

யாழ்ப்பாணம் ஆனைக்கோட்டை என் ஊர். 1995 இடப்பெயர்வில் வெளிக்கிட்டபோது எனக்குப் பதினொரு வயது. கார்த்திகேசு இந்திரபாலாவின் இலங்கைத் தமிழர் வரலாற்று நூல், 2006-இல் வந்த தமிழ்ப் பதிப்பு, ரொறன்ரோவில் ஒரு சிநேகிதியின் வீட்டில் கண்டேன். இரவல் வாங்கி, பஸ்ஸில் படித்துக்கொண்டு வரும்போது எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. 1980-இல் அவருடைய தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே பெருங்கற்கால ஈமக்காட்டில் ஒரு முத்திரை எடுத்திருக்கிறார்கள். மேல்வரியில் குறியீடுகள், கீழே பிராமியில் 'கோவேத' என்று மூன்று எழுத்து. நான் பிறப்பதற்கு முன்பே! எங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "நீ சைக்கிள் பழகின பக்கம்தான் பிள்ளை" என்றார்.

இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிவிட்டேன். அது முத்திரைக்காக மட்டுமல்ல. அந்த நூலை அவர், வரலாற்றைப் பிழையாக விளங்கிக்கொண்டதால் உயிரிழந்த அப்பாவிகளுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். அதோடு, 1965-இல் இலண்டனில் தான் எழுதிய ஆய்வேடு காலாவதியாகிவிட்டது என்று தானே சொல்கிறார். படையெடுத்து வந்து குடியேறியவர்கள் என்ற கோணத்தை விட்டு, தீவுக்குள்ளேயே நெடுங்காலமாக உருவான இனக்குழு என்று தமிழரையும் சிங்களவரையும் ஒரே அளவுகோலால் பார்க்கிறார். நாற்பது வருடத்துக்குப் பிறகு தன் முடிவைத் தானே திருத்தி எழுதுவதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்? அந்தப் பழைய ஆய்வேட்டைத் தூக்கிப் பிடித்து வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலும் சிலருக்கு இந்தப் புதிய நூல் கசக்கிறது. அவர்கள் தேடும் அரசர்கள் அதில் போதுமான அளவு இல்லை.

1981-இல் எரிந்த யாழ் நூலகத்தில் 97,000 புத்தகங்கள் இருந்தன என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு எட்டு மாதம் பிடித்ததை அந்தச் சிநேகிதி அதனால்தான் மன்னித்தாள் என்று நினைக்கிறேன்.

வண்டியூர்ப் பேத்தி அக்கா, ஒன்று கேட்கலாமா? தாத்தா சொன்ன அந்தத் தோல் பைச் சங்கதிகளை எங்காவது குறித்து வைத்தீர்களா?

வண்டியூர்ப் பேத்தி:

வைத்தேன் மா. அதே பக்கத்து ஓரத்தில், பென்சிலில். தாத்தா பேனாவில் எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறார். புத்தகம் பேராசிரியையுடையது என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கிறபாடில்லை.