தனுஷ்கோடிக் கேள்வியில் ‘டிட்’ ஏன் வரவில்லை?

தங்கச்சிமடம் அக்கா:
மாலை வேளைகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். கேள்விச் சொல், அடுத்து ‘டிட்’, பிறகு எழுவாய், கடைசியில் வினை என்று மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். 1964 புயலைப் பற்றிப் பள்ளியில் கேள்வி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என் மாணவி ‘வாட் டிட் டெஸ்ட்ராய் தனுஷ்கோடி?’ என்று எழுதினாள். சிவப்பு மையால் அடித்து, ‘வாட் டெஸ்ட்ராய்ட் தனுஷ்கோடி?’ என்று திருத்தியிருக்கிறார்கள். “நீங்கள்தானே டிட் போடச் சொன்னீர்கள்?” என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அவளுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

பாம்பன்வாசி:
கேள்விச் சொல்லே எழுவாயாக இருந்தால் டிட் வராது.

தங்கச்சிமடம் அக்கா:
நன்றி. ஆனால் எழுவாய் எது என்று கண்டுபிடிப்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

கீழக்கரை ஆசிரியர்:
சகோதரி, வேற்றுமை உருபைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘எது தனுஷ்கோடியை அழித்தது?’ இதில் ‘எது’ உருபு ஏற்காமல் நிற்கிறது, அதுவே எழுவாய். டிட் வேண்டாம், வினையே இறந்தகாலத்தைச் சுமக்கும். ‘புயல் எதை அழித்தது?’ இதில் ‘ஐ’ வந்துவிட்டது, எழுவாய் புயல். ஆகவே ‘வாட் டிட் த சைக்ளோன் டெஸ்ட்ராய்?’ காலத்தை டிட் எடுத்துக்கொள்வதால் வினை வெறுமனே நிற்கிறது. தமிழில் சொற்களை எப்படி இடம் மாற்றினாலும் அந்த ‘ஐ’ பொருளைக் காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் ‘வாட்’ என்ற சொல்லுக்கு அப்படி ஓர் உருபே கிடையாது. சொல் நிற்கும் இடமும் டிட்டும்தான் வேறுபாட்டைக் காட்டுகின்றன.

மண்டபம் அம்மா:
ஐயா சொன்னது அருமையான வழி. ஆனால் ‘கு’, ‘இடம்’ உருபுகளில் கவனம் தேவை. என் மகன் இதில்தான் நெடுநாள் தவறு செய்தான். ‘யாருக்கு மீன் வேண்டும்?’ என்பது ‘ஹூ வான்ட்ஸ் ஃபிஷ்?’ ஆகும். ‘யாரிடம் வலை இருக்கிறது?’ என்பது ‘ஹூ ஹேஸ் எ நெட்?’ தமிழில் உருபு இருந்தும் ஆங்கிலத்தில் ஹூ எழுவாயாகிவிடுகிறது. ‘யாருக்குக் கொடுத்தாய்?’ என்றால் மட்டும் ‘ஹூ டிட் யூ கிவ் இட் டு?’ கொடுத்தவர் வேறு ஆள் அல்லவா? வேண்டும், பிடிக்கும், தெரியும், பசிக்கிறது ஆகியவற்றைத் தனிப் பாடமாக வையுங்கள்.

தங்கச்சிமடம் அக்கா:
இன்று முதல் பகுதியை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். அவளே இரண்டு எழுதிக் காட்டினாள்: ‘ஹூ கால்ட் அப்பா?’, ‘ஹூ டிட் அப்பா கால்?’ முன்னதற்கு ‘யார்’, பின்னதற்கு ‘யாரை’ என்று பக்கத்தில் குறித்தும் வைத்திருக்கிறாள். ‘யாருக்கு’ பாடம் நாளை மாலை.