மறுமொழி: ‘வெள்ள மீள்திறன்’ வேண்டாம், ‘வெள்ளந்தாங்கு நகரம்’ என்போமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

பெருமழையைச் சமாளிக்கும் நகரத்தை ஆங்கிலத்தில் ‘flood-resilient city’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘வெள்ள மீள்திறன்’ வேண்டாம், ‘வெள்ளந்தாங்கி’ என்போமா என்று சென்ற வாரம் கேட்டு எழுதினேன். இத்தனை மடல்கள் வருமென்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டுபோய் மாணவர்களோடு உட்கார்ந்து படித்தேன். தனித்தனியே எழுதாமல் ஒரே மடலில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்தருளுங்கள்.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: நான் குடிசார் பொறியியல் கற்பிக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்கள் மூன்றாமாண்டு மாணவர்கள் நெதர்லாந்து, டென்மார்க், சீன மாணவர்களோடு இணையவழிக் கூட்டு வடிவமைப்பு வகுப்பில் இருக்கிறார்கள். பெருமழை பெய்தாலும் குலைந்துபோகாத நகர்ப்பகுதி ஒன்றை நான்கு நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து வரைய வேண்டும். முதல் நாள் பயிற்சியாக, ஒவ்வொருவரும் தலைப்பைத் தம் மொழியில் எழுதி, அந்தச் சொல் தம் ஊரில் எதைக் குறிக்கிறது என்று விளக்கச் சொன்னோம்.

நெதர்லாந்துப் பையன் எழுதியதன் பொருள் ‘ஆற்றுக்கு இடம்’. 1993, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே ஆறுகள் பெருகின. 1995இல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அதுவரை கரையை உயர்த்திக்கொண்டே போனவர்கள், அதன்பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆறு பரவ நிலம் விட்டார்கள். நைமேகன் நகரில் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டி, பழைய கரைக்கும் புதுக் கரைக்கும் நடுவே வால் (Waal) என்னும் ஆற்றுக்கு ஒரு கிளைக்காலே வெட்டினார்கள். டென்மார்க் பெண் எழுதிய சொல்லைப் பிரித்தால் ‘முகில் உடைவு’ என்று வருகிறது. நம் மேகவெடிப்புக்கு அக்கா தங்கை போல இருந்தது. 2011 ஜூலை 2ஆம் நாள் கோபன்ஹேகனில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சில இடங்களில் 13 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழைதான் அவர்களுக்கு அந்தச் சொல். மறு ஆண்டே நகரம் அதற்கென்று தனித் திட்டம் வகுத்தது.

சீன மாணவி ஆறு எழுத்துகளை மட்டும் எழுதிக் காட்டினாள். 2015இல் 16 நகரங்களில் தொடங்கிய ‘பஞ்சு நகரம்’ (sponge city) திட்டத்தின் சுருக்கம் அது. ஆறும் வினைச்சொற்கள். ஒவ்வொன்றாக அவள் பொருள் சொல்லச் சொல்ல எங்கள் பிள்ளைகள் தமிழில் எழுதிக்கொண்டே வந்தார்கள்: ஊறுதல், தங்குதல், தேங்குதல், தெளிதல், பயன்படுதல், வடிதல். எதற்கும் அகராதி தேட வேண்டியிருக்கவில்லை. மண்ணில் ஊறட்டும், ஊறாதது சற்றே தங்கட்டும், தங்கியது தேங்கட்டும், தேங்கியது தெளியட்டும், தெளிந்ததை எடுத்துப் பயன்படுத்து, மிச்சம் வடியட்டும். வடிகால் என்பது ஆறில் கடைசி. நம் ஊர்களில் அதையே முதலும் முடிவுமாக வைத்துப் பணத்தைக் கொட்டுகிறோம்.

எங்கள் முறை வந்தது. எங்கள் மாணவி ‘வெள்ள மீள்திறன் கொண்ட நகரம்’ என்று எழுதினாள். டென்மார்க் பெண் கேட்டாள்: மீள்வது என்றால் எந்த நிலைக்கு மீள்வது? வெள்ளத்துக்கு முன்பிருந்த நிலைக்கு என்றாள் எங்கள் மாணவி. “அந்த நிலையில்தானே வெள்ளம் புகுந்தது?” என்று திரும்பக் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. அந்தக் கேள்விதான் என்னை இங்கே எழுத வைத்தது.

இனி மடல்களுக்கு வருகிறேன்.

> மீள்திறன் ஏற்கெனவே வழக்கில் ஊன்றிவிட்டது. ஊன்றிய சொல்லைப் பிடுங்குவது குழப்பத்தில்தான் முடியும்.

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேரிடர் மேலாண்மை ஆவணங்களில் அந்தச் சொல் இருக்கிறது, இருக்கட்டும். பொருள்களின் வலிமைப் பாடத்திலும் அதற்குப் பொருத்தமான இடம் உண்டு. மீட்சி எல்லைக்குள் ஒரு கம்பியை இழுத்துவிட்டால், அது வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துப் பழைய நீளத்துக்கே வந்துவிடும். கம்பிக்கு அது அழகு. நகரம் கம்பி அல்ல. சூழலியலாளர் ஹாலிங் 1973இலேயே இந்த வேறுபாட்டைத் தொட்டுவிட்டார்: ஒரு காடோ ஏரியோ பழைய புள்ளிக்கு எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்பது ஒரு கேள்வி, எவ்வளவு அதிர்ச்சியை உள்வாங்கிக்கொண்டும் தன் இயல்பு குலையாமல் இருக்கிறது என்பது வேறு கேள்வி. நகர வெள்ளத்தில் நமக்கு வேண்டியது இரண்டாவது. ‘மீள்’ என்ற வேர் முதலாவதை மட்டுமே சொல்கிறது.

> பஞ்சு நகரம் என்றே வைத்துக்கொள்ளலாமே? உலகமே அப்படித்தானே சொல்கிறது?

நம் காதில் பஞ்சு என்றால் முதலில் வருவது பருத்தியும் இலவமும். தண்ணீரோடு சேர்த்துச் சொன்னால் பஞ்சு மூட்டையோடு ஆற்றில் உட்கார்ந்த கழுதைதான் நினைவுக்கு வரும். நனைந்தால் கனக்கும், எழ முடியாது என்பதல்லவா அந்தக் கதை? நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். கடற்பஞ்சு என்று திருத்தினாலும் உறிஞ்சுதல் என்ற ஒரு வேலைதான் கிடைக்கிறது, மற்ற ஐந்தும் விட்டுப்போகின்றன. 2021 ஜூலை 20 அன்று சீனாவின் செங்சௌவில் ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை பெய்தது. எந்தப் பஞ்சும் அதை உறிஞ்சாது. அப்படிப்பட்ட நாளில் நீர் எங்கே போய் நிற்க வேண்டும், எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதும் சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

‘வெள்ளத்தடுப்பு நகரம்’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். தடுப்புச்சுவர் மனநிலையிலிருந்து வெளியே வரத்தான் இந்தப் பாடமே. அதை விட்டுவிடுவோம்.

என் பரிந்துரை தாங்கு என்ற வேர். இடிதாங்கி இடியைத் தடுப்பதில்லை. வருவதை வாங்கி, கட்டடத்துக்குச் சேதமில்லாமல் மண்ணில் இறக்கிவிடுகிறது. அதைவிட நெருக்கமானது சுமைதாங்கி. எங்கள் அம்மாவின் ஊர் எல்லையில் ஒன்று இன்னும் நிற்கிறது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்கவைத்தது. மேல்கல்லின் விளிம்பு மூட்டை உரசி உரசி வழவழவென்று தேய்ந்திருக்கும். தலைச்சுமையோடு தனியே வருபவர், தூக்கிவிட ஆள் தேடாமல் அதில் மூட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு, இளைப்பாறி, மறுபடி தலைக்கு மாற்றிக்கொண்டு நடப்பார். சுமையின் எடை ஒரு பலம்கூடக் குறைவதில்லை. கொஞ்ச நேரத்துக்குக் கல் ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளப் பொறியியலில் பாதி வேலை இதுதான். பெய்யும் மழையின் அளவு நம் கையில் இல்லை. அது எல்லாம் ஒரே நேரத்தில் கால்வாய்க்கு வந்து சேராமல் செய்வது நம் கையில் இருக்கிறது. இதைக் காட்ட எங்கள் மாணவர்கள் பேக்கரிக் கடையிலிருந்து இரண்டு தகரத் தட்டுகள் வாங்கி வந்தார்கள். ஒன்று முழுக்கச் சிமென்ட் பூசியது. இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு மணலும் நடுநடுவே கைப்பிடியளவு பள்ளங்களும். இரண்டையும் ஒரே சாய்வில் வைத்து, பூவாளியால் ஒரே அளவு நீர் ஊற்றினார்கள். முதல் தட்டில் ஊற்றி முடிப்பதற்குள் கீழே வைத்திருந்த டம்ளர் நிரம்பி மேசையெல்லாம் வழிந்தது. இரண்டாவதில் முதலில் ஒன்றுமே வரவில்லை. பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிறைந்து அடுத்ததற்கு வழிந்தன. பிறகுதான் நூல் போல இறங்கி, நாங்கள் வேறு பேச்சுக்குப் போன பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தது. அந்த டம்ளர் கடைசிவரை வழியவில்லை. திரையில் பார்த்துக்கொண்டிருந்த நெதர்லாந்துப் பையன், பள்ளம் பள்ளமாக நிறைவதைக் கண்டு, இது உங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டான். ஒரு ஏரி நிறைந்து, மிச்சநீர் வழியும் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போவதை எங்கள் மாணவி படம் போட்டுக் காட்டினாள். அன்று அவள் தயங்காமல் பேசினாள்.

அந்தப் பையன் பதிலுக்குக் காட்டியது ராட்டர்டாம் நகரின் பெந்தெம் சதுக்கம். 2013இல் திறந்தார்கள். மூன்று பள்ளங்கள். ஆழம் குறைந்த இரண்டில் மழை பெய்யும்போதெல்லாம் நீர் சேரும். ஆழமான மூன்றாவது, விடாமழைக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் அங்கே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். மூன்றிலும் சேர்ந்து ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் நிற்கும். ஒரு ஹெக்டேரில் 5 செ.மீ. மழை என்பது 5 லட்சம் லிட்டர். ஆக மூன்று ஹெக்டேருக்குமேல் உள்ள கூரையும் தெருவும் இறக்கிவைக்கும் சுமையை அந்த ஒரு சதுக்கம் கொஞ்ச நேரம் தாங்குகிறது. சுமைதாங்கி என்று நான் சொன்னது அணிக்காக அல்ல என்று இப்போது ஒப்புக்கொள்வீர்கள்.

தாங்கல் என்ற சொல்லையும் நினைத்துப் பாருங்கள். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல். தாங்கல் என்றால் சிறு ஏரி. நீரைத் தாங்கும் இடம் என்று ஊர்ப்பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறோம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. அதைச் சுற்றியிருந்த தாங்கல்களில் எத்தனை அன்று தாங்கும் நிலையில் இருந்தன?

> வெள்ளத்தடுப்பு போல வல்லினம் மிகுந்து வெள்ளத்தாங்கி என்றல்லவா வரவேண்டும்?

பாரத்தைத் தாங்குவது பாரந்தாங்கி ஆகிறது. அதே வழியில் வெள்ளத்தைத் தாங்குவது வெள்ளந்தாங்கி. ஒலிப்பதற்கும் அதுதான் இதமாக இருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

> எங்கட பக்கம் தண்ணித் தொட்டியத்தான் தாங்கி எண்டு சொல்லுறது. வெள்ளந்தாங்கி எண்டா ஏதோ பெரிய தொட்டி எண்டுதான் சனம் நினைக்கும்.

யாழ்ப்பாணத்து ஐயாவின் இந்த மடல்தான் என் முதல் பரிந்துரையை மாற்றியது. நகரத்தையே ‘வெள்ளந்தாங்கி’ என்று எழுதியிருந்தேன். நீங்கள் சொன்ன பிறகு யோசித்தால், அந்தச் சொல் கட்டமைப்புக்குத்தான் சரி. பெந்தெம் சதுக்கத்தின் பள்ளம் ஒரு வெள்ளந்தாங்கி, பூங்காவின் கீழே கட்டும் நிலவறைத் தொட்டி ஒரு வெள்ளந்தாங்கி. உங்கள் வழக்கோடும் அது முரண்படாது. நகரத்துக்கு வெள்ளந்தாங்கு நகரம். அந்தப் பண்புக்கு வெள்ளந்தாங்குதிறன். அடித்தளப் பாடத்தில் மண்ணின் தாங்குதிறன் இருக்கிறதே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இரண்டும் ஒரே வகைக் கேள்விதான்: குலைவதற்கு முன் எவ்வளவு ஏற்கும்? ஒன்றில் எடை, மற்றதில் நீர். முன்னால் ‘வெள்ளம்’ நிற்பதால் மயக்கம் வராது.

> தாங்கு என்றால் பொறுத்துக்கொள் என்றும் பொருள். ஆற்றோரத்து ஏழைகளிடம் தாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதாகிவிடாதா?

அம்மா, இந்த ஒரு வரி இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. இந்த ஆபத்து ஆங்கிலச் சொல்லுக்கும் உண்டு. ஆனால் அங்கே அது மறைந்து கிடக்கிறது, தமிழில் முகத்துக்கு நேராக நிற்கிறது. நைமேகனில் ஆற்றுக்கு இடம் விட ஏறத்தாழ ஐம்பது வீடுகள் போயின. சென்னையில் 2015க்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலம்தான், அங்கும் தண்ணீர் புகுந்தது. வெள்ளத்தைத் தாங்க வேண்டிய சதுப்பைச் சுருக்கிவிட்டு, அதன் ஓரத்தில் மனிதர்களைத் தாங்க வைத்தோம்.

அதனால் ஒரு கட்டுப்பாட்டோடு சொல்லை முன்வைக்கிறேன். தாங்குவது எப்போதும் நிலமும் நீர்நிலையும் கட்டுமானமும் ஆகவே இருக்கட்டும். வெள்ளந்தாங்கு நகரம், வெள்ளந்தாங்கு சாலை, வெள்ளந்தாங்கு பூங்கா என்று எழுதலாம். வெள்ளந்தாங்கு மக்கள், வெள்ளந்தாங்கு சமூகம் என்று யாரும் எழுதக் கூடாது. கலைச்சொல் பட்டியலில் விளக்கக் குறிப்பாகவே இதைச் சேர்க்கலாம். இதனால் உங்கள் கவலை முழுதும் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ‘மீள்திறன்’ என்று எழுதியபோது யார் மீள்வது, யார் தாங்குவது என்று எங்கள் வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. ‘தாங்கு’ என்று எழுதிய அன்றே மூன்று பேர் கேட்டார்கள். அந்தக் கேள்வி எழுவதற்காகவாவது இந்தச் சொல் வேண்டும் என்று தோன்றுகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாணவர்கள் தங்கள் வரைபடங்களை நான்கு மொழித் தலைப்புகளோடு வைக்கிறார்கள். வலுவான மறுப்பு இல்லையென்றால் தமிழில் ‘வெள்ளந்தாங்கு நகரம்’ என்று எழுதச் சொல்லிவிடுவேன்.

இன்னும் ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. பெந்தெம் போன்ற இடத்துக்குப் பொதுப்பெயர் வேண்டும். நீர்ச்சதுக்கம் என்றால் நேர்மொழிபெயர்ப்பு, உயிர் இல்லை. மழைத்திடல் என்றான் ஒரு மாணவன். ஆனால் திடல் என்றால் மேடு, இது பள்ளம். எனக்கு ‘மழையேந்தல்’ பிடித்திருக்கிறது. தென்மாவட்டங்களில் ஏந்தல் என்று முடியும் ஊர்கள் நிறைய, சிறு நீர்நிலைக்கும் அதுவே பெயர். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தார் யாரேனும் இருந்தால், உங்கள் ஊரில் எதை ஏந்தல் என்பார்கள், எதைக் கண்மாய் என்பார்கள், கோடையில் வறண்டு கிடக்கும்போது ஏந்தலுக்குள் பிள்ளைகள் விளையாடுவார்களா என்று எழுதுங்கள்.

அன்புடன்.