உலக ஜூனியர் ஐஸ் ஹொக்கி: எந்தப் பொடியன் தேறுவான் எண்டு எதை வச்சுச் சொல்றது?

கல்லடிக் கோல்போஸ்ட் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கல்லடி. ஊர்க் கழகத்தில 16 வயசுக்குக் கீழ்ப்பட்ட பொடியனுகளுக்குப் புட்போல் பழக்கிறன். ஆனா கேள்வி ஐஸ் ஹொக்கி பத்தினது. சிரிக்காதீங்க.

தங்கச்சி குடும்பம் ஸ்காபரோவில. மருமகன் அங்க ஹொக்கியில கோல் காக்கிற கோலி. டிசம்பர் 26 ஆம் திகதி 20 வயசுக்குக் கீழ்ப்பட்டவங்கட உலக ஜூனியர் போட்டி தொடங்கினா அவனுக்கு வேற வேலை இல்ல, இப்ப எனக்கும் இல்ல. டொரொன்டோவில இரவு ஏழரைக்குத் தொடங்கிற ஆட்டம் எங்களுக்கு விடிய ஆறு மணி. மாரி மழையில எங்கட கிரவுண்ட் முழுக்கத் தண்ணி நிக்கும், பிரக்டிஸ் ஒண்டும் நடக்காது. தேத்தண்ணியோட போனைச் சுவரில சாத்தி வச்சிட்டுக் குந்திருவன். அவன் மற்றப் போனில வீடியோ கோலில இருந்து விளக்கம் சொல்லுவான்.

இந்த முறை ஒரு பந்தயம். ஆளுக்கு அஞ்சு பேரைத் தெரிஞ்செடுத்து எழுதி வைக்கிறது. அஞ்சு வருஷத்தால ஆர்ர ஆக்கள் என்.எச்.எல்லில (வட அமெரிக்காவின்ட பெரிய ஹொக்கி லீக்) நிண்டு பிடிச்சிருக்கானுகள் எண்டு பாக்கிறது. தோத்தவர் மற்றவருக்குப் பிளேன் டிக்கட் போடவேணும். அதால விஷயம் பாரதூரம்.

நான் கோலும் அசிஸ்டும் கூட எடுத்தவனைத்தான் எழுதப் பாத்தன். மருமகன் உடன 2016ஐத் தூக்கிப் போட்டான். ஹெல்சிங்கியில நடந்த போட்டியில பின்லாந்தின்ட ஜெஸ்ஸி புல்யுயார்வி 7 ஆட்டத்தில 17 புள்ளி (கோலுக்கு ஒண்டு, கோலுக்குப் பாஸ் குடுத்த அசிஸ்டுக்கு ஒண்டு). போட்டியின்ட சிறந்த வீரனும் அவன்தான், அப்ப வயசு 17. அந்த வருஷமே, என்.எச்.எல் அணிகள் புதுப் பொடியனுகளை வரிசையா எடுக்கிற டிராஃப்டில, எட்மன்டன் அவனை நாலாவது ஆளாத் தெரிவு செஞ்சது. மறுகா? எதிர்பார்த்த உயரத்துக்கு வரவே இல்ல.

புட்போலில ஒரு பொடியன் பந்தை முதல் தொடுகையில எப்பிடி எடுக்கிறான் எண்டு பாத்தாப் பாதிக் கணக்கு விளங்கிரும். இதில எல்லாரும் ஹெல்மெட்டுக்குள்ள ஒரே மாதிரி. முக்கால் நிமிஷத்தில உள்ள போய் மற்ற அஞ்சு பேர் வந்துருவானுகள். நான் எதைப் பாக்கிறது?

களுவாஞ்சி ரிட்டர்ன் எழுதியது:

வயசு தெரியாமத் தம்பி எண்டுறன், குறை நினைக்க வேணாம். நான் ஸ்காபரோவில ஒரு ஐஸ் ரிங்கில ஐஸ் மெஷின் ஓடினவன், ஸ்கேட்டுக்குச் சாணை பிடிச்சவன். இப்ப ஊரோட வந்திட்டன். பெரிய அணிகளுக்கு ஆள் தேடுற ஸ்கவுட்மார் வாற நாளெல்லாம் பாத்திருக்கன். தாய் தகப்பன்மார் கண்ணாடிக்குப் பக்கத்தில நிண்டு கத்துவாங்க. ஸ்கவுட்மார் மேல் வரிசையில ஒரு மூலையில, கையில ஒரு கோப்பி, மடியில ஒரு கொப்பி. கோல் விழுந்தாக் கூடச் சில பேர் நிமிந்து பாக்க மாட்டாங்க. அவங்கட கண் வேற எங்கயோ நிக்கும்.

எங்க எண்டா, பக் (பந்துக்குப் பதிலா அடிக்கிற றப்பர் வட்டு) இல்லாதவனில. ஒரு ஷிப்டுக்கு ஒரு பொடியன். அவன் பெஞ்சைத் தாண்டிக் குதிச்சதில இருந்து திரும்பி வந்து குந்துற வரைக்கும் அவன் மட்டுந்தான். டிவியில இதுக்கொரு வில்லங்கம் இருக்கு, கமெரா பக்கோடயே ஓடும். அதால உங்களுக்குக் கிடைக்கிறது மூண்டு இடம். பக் அவனுக்கு வாறதுக்குச் சற்று முந்தி, பக் பறிபோன உடன, பெஞ்சுக்குப் போற நேரம். நான் பாத்த வரைக்கும் இந்த மூண்டுமே போதும்.

பக் வாறதுக்கு முந்தி கிறுகிப் பாக்கிறானா எண்டு கவனிங்க. தோளுக்கு மேலால ஒருக்கா, எதிர்ப் பக்கம் ஒருக்கா. பாத்திட்டு எடுக்கிறவனுக்கு அடுத்த பாஸ் எங்க எண்டு முதலே தெரியும், அதால அவன் வேகமா இருக்கிற மாதிரித் தெரியும். பாக்காம எடுக்கிறவன் ஜூனியரில தப்பிருவான், பெரிய லீக்கில ரிங்கைச் சுத்தியிருக்கிற போர்டோட சேத்து நசிச்சுப் போடுவாங்க. பக் பறிபோனா, அந்த முதல் மூண்டு அடியைப் பாருங்க. கையை விரிச்சு ரெஃபரியைப் பாத்துக்கொண்டு நிக்கிறானா, உடன திரும்பி விரட்டுறானா? 6-0 எண்டு முன்னுக்கு நிக்கிற ஆட்டத்தில இதைப் பாத்தா இன்னும் நல்லம்.

அடுத்தது ஸ்கேட். இது என்ட கைத்தொழில், கொஞ்சம் நீட்டுறன். ஸ்கேட்டின்ட இரும்பு கத்தி மாதிரி ஒரே விளிம்பு இல்ல. அடியில நீளத்துக்கு ஒரு சின்னக் குழி, அதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு விளிம்பு. சாணை பிடிச்ச உடன ஒரு காசை நடுவில வச்சு ரெண்டு விளிம்பும் மட்டமா எண்டு பாப்பம். குழி ஆழமெண்டா ஐஸைக் கவ்வும், ஆனா வழுக்கி ஓடுறது குறையும். ஆழம் குறைஞ்சா வேகம் வரும், பிடி போகும். இப்ப பொடியன்ர விஷயத்துக்கு வாறன். கன பேர் ஒரு பக்கம் வளையிறதில கெட்டிக்காரன், மற்றப் பக்கம் வளையச் சொன்னாக் காலை ரெண்டு தரம் மாத்தி வைப்பான். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி, வேகம் குறையாமக் காலைக் குறுக்கால போட்டு வளையிறவனைக் கண்டா எழுதி வையுங்க. நேரா ஓடுற வேகம் டிவியில கண்ணைக் கட்டும். அது எனக்குப் பெரிசில்ல.

இப்ப உங்கட புள்ளிக் கதை. 1993இல சுவீடனில நடந்த போட்டியில பீட்டர் ஃபோர்ஸ்பேர்க் 31 புள்ளி எடுத்தான், இண்டைக்கும் அதுதான் சாதனை. அதில 10 புள்ளி ஜப்பானுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில, சுவீடன் 20-1 எண்டு அடிச்ச நாள். 2023இல ஹாலிஃபக்ஸில கானர் பெடார்ட் 23. அதில ஜெர்மனியோட 7, ஒஸ்ட்ரியாவோட 6. பாதிக்கு மேல அந்த ரெண்டு ஆட்டத்தில. ரெண்டு பேரும் உண்மையான கெட்டிக்காரர்தான், அதில சந்தேகம் இல்ல. ஆனா பெடார்டை அறிய வேணுமெண்டா அந்த 13 புள்ளியை ஒதுக்கி வச்சிட்டு, காலிறுதியில சுலோவாக்கியாவுக்கு மேலதிக நேரத்தில அடிச்ச கோலை மட்டும் எடுத்துப் பாருங்க. நெருக்கத்துக்குள்ள ஆக்களை ஒவ்வொருத்தரா வெட்டி, கடைசியில கோலியையும் ஏமாத்தி. வயசு 17.

புல்யுயார்வி விஷயத்தில மருமகன் பாதியைத்தான் சொல்லியிருக்கான். 17 புள்ளியில 12 அசிஸ்ட். ஒரு பக்கம் பற்றிக் லைனே, நடுவில செபஸ்டியன் ஆஹோ. மூண்டு பேரும் ஒரே லைன், அதாவது ஒண்டா ஐஸில இறங்கிற முன்வரிசை. லைனே இரண்டாவதாப் போனான், புல்யுயார்வி நாலாவது. ஆஹோ அதுக்கு முந்தின வருஷமே 35வது ஆளாக் கரோலைனாவுக்குப் போயிருந்தான். மூண்டு பேரில இண்டைக்கு வரைக்கும் ஒரே சீரா நிக்கிறவன் அந்த நடுவில நிண்டவன். ஒரு லைன் வெளுத்து வாங்கினா, பக் ஆர்ர ஸ்டிக்கில இருந்து கிளம்புது எண்டு பின்னால போய்ப் பாருங்க. புல்யுயார்விக்கு இடுப்பில ரெண்டு பக்கமும் சத்திரசிகிச்சை வேற நடந்தது. அதையும் சேத்துத்தான் அவனை நிறுக்க வேணும்.

அக்கரைப்பற்று எக்செல் எழுதியது:

களுவாஞ்சி அண்ணன் சொன்னதில பாதிக்கு ஓம். ஆனா கண்ணால பாக்கிற ஆக்கள் எண்ணைத் தூக்கி எறியிறதும் சரியில்ல.

2011, 18 வயசுக்குக் கீழ் உலகப் போட்டி. நிகிதா குச்செரோவ் எண்ட ரஷ்யப் பொடியன் 7 ஆட்டத்தில 21 புள்ளி. அதே வருஷம் டாம்பா அணி 58வது ஆளாத்தான் அவனை எடுத்தது. மேல் வரிசையில கோப்பியோட குந்தியிருந்த அவ்வளவு பேரும் சின்ன உடம்பைப் பாத்தாங்களோ என்னவோ, 57 பேரை அவனுக்கு முந்தி எடுத்தாங்க. 2019இல அவன் என்.எச்.எல்லின்ட ஹார்ட் விருது, அதாவது அந்த சீசனின்ட பெறுமதியான வீரன். அதே டாம்பா அணிதான் 2014இல பிரேடன் பொயின்டை 79வதா எடுத்தது. 2020, 2021 ரெண்டு என்.எச்.எல் கிண்ணமும் இந்த ரெண்டு பேரோடயும் வெண்டது.

என்ட கருத்து, எண் பொய் சொல்லல்ல, ஏழு ஆட்டத்தின்ட எண் சின்னன். இறுதிப் போட்டி வரைக்கும் போன அணிக்கே மொத்தம் ஏழு ஆட்டந்தான். ஒரு கோலிக்குக் காய்ச்சல் எண்டாலும் கணக்கு மாறும். அதால பொடியன்ர சொந்த லீக்கில அந்த சீசன் முழுக்க என்ன செஞ்சான் எண்டு முதல்ல பாருங்க. அங்கயும் இங்கயும் ஒரே ஆள் மாதிரித் தெரிஞ்சா நம்பலாம். எதிரணியில ஆள் குறைஞ்சு நிக்கிற பவர்பிளேயில எடுத்ததையும் அஞ்சுக்கு அஞ்சில எடுத்ததையும் பிரிச்சு எழுதுங்க. சுவீடன், பின்லாந்துப் பொடியனுகளில சில பேர் பெரிய ஆக்களோட லீக்கில ஆடுவானுகள், ஒரு ஆட்டத்துக்கு எட்டு நிமிஷம் ஒன்பது நிமிஷந்தான் கிடைக்கும், புள்ளி ஒண்டும் இருக்காது. அவனையும் கனடா ஜூனியர் லீக்கில நூறு புள்ளி எடுத்தவனையும் ஒரே தராசில போட்டா டிக்கட் நீங்கதான் போடவேணும் அண்ணன்.

விளையாட்டுச் சேர் (ஓய்வு) எழுதியது:

கோல்போஸ்ட் தம்பி, வயசைக் கேட்டீங்களா? மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன எந்தச் சேரும் முதல்ல பிறப்புச் சான்றிதழைத்தான் பாப்பார். ஜனவரியில பிறந்த பிள்ளையும் டிசம்பரில பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில ஓடினா, பன்னிரண்டு வயசில அது பெரிய வித்தியாசம். கனடாவில ரொஜர் பார்ன்ஸ்லி எண்ட உளவியலாளரும் கூட இருந்தவங்களும் 1985இல இதைத்தான் ஜூனியர் ஹொக்கியில எழுதிக் காட்டினாங்க. வருஷத்தின்ட முதல் மூண்டு மாசத்தில பிறந்தவனுகள் குவிஞ்சு கிடக்கானுகள், கடைசி மூண்டு மாசக்காரர் கொஞ்சப் பேர்தான். பெரிய உடம்பு எண்டு முதல்ல எடுக்கிறாங்க, எடுத்தவனுக்கு நல்ல பயிற்சி, நல்ல ஐஸ் நேரம். மறுகா அவன்தான் கெட்டிக்காரன் எண்டு முடிவு.

என்.எச்.எல் டிராஃப்டுக்கு வேற ஒரு கோடு. செப்டம்பர் 15க்குள்ள 18 நிறையவேணும். ஒஸ்டன் மத்தியூஸ் 1997 செப்டம்பர் 17 பிறந்தவன். ரெண்டு நாளால 2015 தவறி, 2016இல முதலாவது ஆளாப் போனான். அதால ஒரே டிராஃப்ட் வருஷத்துக்காரர் எண்டாலும் ரெண்டு பொடியனுகளுக்கு இடையில கிட்டத்தட்ட ஒரு வயசு வித்தியாசம் இருக்கலாம்.

உலக ஜூனியரில 17 வயசுக்காரனும் 19 வயசுக்காரனும் சேந்து நிப்பானுகள். டிவியில கண்டு பிடிக்கிறது சுகம். 18 நிறையாதவன் முகம் முழுக்க மூடின காப்புப் போடவேணும் எண்டு சர்வதேச ஹொக்கிச் சம்மேளனத்தின்ட சட்டம். கம்பிக் கூடு போட்டவன் 19 வயசுக்காரனைத் தோளால தள்ளி நிக்கிறானெண்டா அவனைப் பாருங்க. புள்ளி இல்லாட்டியும் பரவாயில்ல. 19 வயசில ரெண்டாவது, மூண்டாவது தடவையா வந்து அடிக்கிறவனுக்கு நான் கொஞ்சம் கழிச்சுத்தான் மார்க் போடுவன்.

கல்லடிக் கோல்போஸ்ட் எழுதியது:

சேர், அந்தக் கம்பிக் கூடு விஷயம் எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல. மருமகன்கூட! அவனும் கூடு போடுறதால அயத்துப் போயிருப்பான்.

அஞ்சில ஒரு கோலியும் போட வேணுமெண்டு அவன் ஒற்றைக் காலில நிக்கான். போடலாமா?

களுவாஞ்சி ரிட்டர்ன் எழுதியது:

பந்தயத்துக்கெண்டாப் போட வேணாம். கோலி மாதிரி ஆளை மோசம் செய்ற இடம் வேற இல்ல. ஹென்றிக் லுண்ட்குவிஸ்டை 2000இல 205வது ஆளாத்தான் எடுத்தாங்க. அவன் நியூயோர்க்குக்கு இறங்கினது 2005இல. அஞ்சு வருஷக் கெடு வச்சா, நல்ல கோலி இன்னும் சின்ன லீக்கில பெஞ்சில குந்தியிருப்பான்.

ஒரே இரவில பேர் எடுக்கிறதும் கோலிதான். 2024 டிசம்பரில ஒட்டாவாவில லத்வியாவின்ட லினார்ட்ஸ் ஃபெல்ட்பெர்க்ஸ் கனடாவின்ட அடி ஐம்பதுக்கு மேல தடுத்தான், லத்வியா 3-2 எண்டு ஷூட்அவுட்டில வெண்டது. அருமையான ஆட்டம். ஆனா ஸ்கவுட் ஒரு ஆட்டத்தில எத்தனை தடுத்தான் எண்டு பாக்க மாட்டான். தடுத்த பக் எங்க போய் விழுது, மூலைக்கா, எதிரியின்ட ஸ்டிக்குக்கா? ஒண்டு உள்ள போன பிறகு அடுத்த அடிக்கு எப்பிடி நிக்கிறான்? பக்கைத் தேடித் தலை ஆடுதா, தலை முதல்லயே அங்க போயிட்டுதா? மருமகனுக்கு இதைச் சொல்லுங்க, அவன்ர ஆட்டத்துக்கு உதவும்.

அக்கரைப்பற்று எக்செல் எழுதியது:

கோலியின்ட இடத்துக்கு வலக்கை டிஃபென்ஸ்காரன் ஒருத்தனைப் போடுங்க அண்ணன். வலப்பக்கம் ஸ்டிக் பிடிக்கிற டிஃபென்ஸுக்கு எப்பவும் தட்டுப்பாடு, அணிகள் அவனை லேசில கைவிடாது. புள்ளி அட்டவணையில அவன் பேர் மேல வராது, மருமகன் கண்ணிலயும் படாது. பேரை மட்டும் முதல்லயே வெளிய விட்டுராதீங்க.

கல்லடிக் கோல்போஸ்ட் எழுதியது:

ரெண்டு வலக்கை டிஃபென்ஸ், கூடு போட்ட ஒருத்தன், நடுவில ஆடுற ஒருத்தன். அஞ்சாவது ஆளை முதல் ரெண்டு ஆட்டம் பாத்திட்டு எழுதுறன். மருமகன் இந்தத் திரட்டைக் கண்டுபிடிக்காம இருந்தாச் சரி, அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.